வைட் அனுப்பிய ஆறு புட்டி

ஆல்டன்ரீட்
3 பிப்ரவரி 1986

என் தங்கப் பேரன் வைட்டுக்கு,

உன் தங்கை பர்கல் வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். உன் தம்பி ஸேவர் தச்சுத் தேர்வில் மாவட்டத்திலேயே முதல். உன் மகள் லீஸெலுக்கு நீச்சலில் பதக்கம். நீயோ ஹாம்பர்க்கில் நிலவறையோடு சொந்த வீட்டுக்காரன். ஐந்தாவதோடு நின்றுபோன நான் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

நீ காய்ச்சி அனுப்பிய பீர், ஆறு புட்டியும் உடையாமல் வந்தது. தாத்தாவுக்குத் தொண்டையில் புற்றுக்கட்டி முற்றிவிட்டது. தண்ணீரே ஸ்பூனில்தான்.

"நீ குடி கிரெசென்ஸ், நான் மோந்து பாக்குறேன். பய பீர் தேறிச்சுன்னா இந்த வீடும், பீர் இருக்குன்னு வாசல்ல நட்சத்திரம் தொங்கவிட்டு ஊருக்கு ஊத்துற உரிமையும் அவனுக்கு. தேறலன்னா பக்கத்து வீட்டுக்காரனுக்கு வித்துரலாம்" என்றார்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வைக்கோல் நிறம், நல்ல தெளிவு. பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும்வரை நுரை நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழ வாசம். விழுங்கினால் தொண்டையில் சூடு. எட்டு வாரம் நிலவறைக் குளிரில் கிடந்ததாக எழுதியிருந்தாய். அப்படிக் கிடந்த பீரில் ரொட்டி மணம்தானே வரும்? சூட்டில் புளித்ததற்குத்தானே வாழைப்பழ வாசம்?

தாத்தா மோந்துவிட்டு, "ஏன்டி, பய நிலவறையில அடுப்பா எரியுது?" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

எனக்கு ஜலதோஷம், விட்டதும் சொல்கிறேன் என்று தள்ளி வைத்திருக்கிறேன். உன் நிலவறைக்கு என்னடா ஆச்சு?

உன் பாட்டி
கிரெசென்ஸ்

ஹாம்பர்க்
10 பிப்ரவரி

அன்புள்ள பாட்டி,

நிலவறை இல்லை. வீடும் இல்லை. குடித்துவிட்டு வேலைக்குப் போனேன், அனுப்பிவிட்டார்கள். நவம்பரில் ரெனேட் என்னை விட்டு லீஸெலைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பதக்கம் நிஜம்தான். நீச்சல் குளத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

இப்போது இருப்பது ஒற்றை அறை. பீரைக் கணப்புப் பக்கத்தில்தான் வைத்தேன். எட்டு வாரம் பொறுக்கவும் முடியவில்லை. நாற்பது புட்டி தேறியது. உங்களுக்கு அனுப்ப மிஞ்சியது ஆறு.

தேறிவிட்டது என்று தாத்தாவிடம் சொல்லிவிடுங்கள் பாட்டி. எனக்குப் போக்கிடம் வேண்டும்.

வைட்

ஆல்டன்ரீட்
26 பிப்ரவரி

வைட் கண்ணே,

உன் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. "என்ன, ஜலதோஷம் விட்டுச்சா?" என்று கேட்டார். "தேறலைங்க" என்றேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை தாத்தா கண்ணை மூடிவிட்டார். தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை.

பொய் சொல்லியிருந்தால் வீட்டோடு ஒரு நிலவறை நிறைய பீரையும் உன் கையில் கொடுத்திருப்பேன். என்மேல் கோபமென்றால் இருக்கட்டும். மிச்சம் ஐந்து புட்டியையும் சாக்கடையில் ஊற்றினேன்.

இனி நான் பர்கல் வீட்டில். சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றினேன். உன் பழைய வீட்டு நிலவறைப் படிக்கட்டில், லீஸெலைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறாயே, அது. துக்கத்துக்கு வந்தவர்கள்கூட அதைப் பார்த்து, "பையன் நல்லாருக்கானா?" என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

பர்கல் எனக்குக் கொடுத்த அறையில் ஆணி அடித்தாயிற்று. சவரம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒற்றை அறையிலேயே நின்று, இப்போது இருக்கிறபடி புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

கிரெசென்ஸ் பாட்டி