உன் அப்பாவின் விரல் முட்டிகள்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இப்போது கைகளை வரையப் பழகுகிறோம். என் முதல் படத்தைப் பார்த்து ஆசிரியை சிரித்துவிட்டாள். "என்னம்மா இது, விரல் முட்டியெல்லாம் பிரேயருக்கு நிக்கிற மாதிரி ஒரே வரிசையில நிக்குது? சுண்டுவிரல் பக்கம் வளைஞ்சு இறங்கணும்மா."

பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகளிடம் அளவுகோலால் முட்டியிலேயே அடி வாங்கியவள் நான். எனக்கே முட்டி எங்கே என்று பாடமா என்றேன்.

"உங்க கையை மேசைல வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

என் இடது கை இப்போது ஒழுங்காக வருகிறது. ஆனால் நான் வரைய நினைப்பது உன் அப்பாவின் கையை. எல்லாப் புகைப்படத்திலும் மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நினைவிலிருந்து வரைந்தால் யாரோ ஒருவருடைய கை வருகிறது.

உனக்கு முகம் என் ஜாடை. கை மட்டும் அப்படியே அவருடையது, உள்ளே சாய்ந்த சுண்டுவிரல் உட்பட. படம் எடுத்து அனுப்புகிறேன் என்பாய். படத்தில் முட்டி தட்டையாகிவிடும். நேரில்தான் மேடு பள்ளம் தெரியும்.

அவரை அடக்கம் செய்த அன்று, உன் வீட்டோடு வந்து இருக்க மாட்டேன் என்று நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போனாய். அந்த முடிவில் மாற்றமில்லை. இது வேறு விஷயம். ஜன்னலோர மேசையில் ஒரு மணி நேரம் கையை அசைக்காமல் வைத்திருந்தால் போதும். பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

நகத்தை வெட்டிக்கொண்டு வா.

உன் அம்மா