மூன்று கிணறுகள்

செஞ்சி,
12-3-1964

அப்பா அவர்களுக்கு, குமரகுரு வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

சென்ற வாரம் ஒரு கிராமத்துப் பஞ்சாயத்துக் கணக்கைத் தணிக்கை செய்யப் போனேன். மூன்று புதுக் கிணறுகள் வெட்டியதாக எழுதியிருந்தார்கள். ஒரு பைசா பிசகவில்லை; அதுவே உறுத்தியது. கிணறுகளைக் காட்டச் சொன்னேன். தலைவரின் மைத்துனர் பாண்டுரங்கன் கரும்புக்குள் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு தடவையும் வேறு வரப்பு வழியாக அழைத்துப் போனார். மூன்றாவது கிணற்றருகே ஒரு அம்மாள் கரும்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், இங்கியே மூணுவாட்டி வந்துட்டீங்க? தண்ணி வேணும்னா கேக்கலாமில்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. இருப்பது ஒரே கிணறு என்று அறிக்கை அனுப்பிவிட்டேன்.

இப்போது கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. தகரப் பெட்டிக்கு நல்ல பூட்டு ஒன்றும், அம்மா கையால் இடித்த பருப்புப் பொடியும் அனுப்புங்கள். அறையிலேயே சோறு வடித்துக்கொள்கிறேன்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. பதில் எழுதினால், உறை ஒட்டிய இடத்தின் மேல் உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள்.

குமரகுரு