கடைக்காரரிடம் சொல்லக் கூடாதது

இன்று வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்கு, ஒயர் இல்லாத டிரில் மெஷின் பார்க்கப் போயிருந்தேன். கடையில் இருந்த பெண் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து ஓட்டிக் காட்டினாள். சூடேறிய இரும்பும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்ததும், என்றோ போய்ச்சேர்ந்த நீர் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்.

"எதுக்கு சார் வாங்குதிய? மரத்துக்கா, சுவத்துக்கா?" என்று கேட்டாள். சும்மா, பொதுவாகத்தான் என்று சொல்லிவிட்டு, எதையும் வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வந்ததும் உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதை எழுதினாலும் முதலில் குறிப்புப் போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது என்பது உமக்குத் தெரியும். இந்த மாதிரி மெஷினை நல்ல விலைக்கு வாங்குவது பற்றி உம்மோடு அலைந்ததில் எனக்கு மிஞ்சியவை இவை:

1. மெஷினின் பளபளப்பைப் பார்க்காமல் பேட்டரியைப் பார்க்க வேண்டும்.
2. சார்ஜரைத் திருப்பி அடிப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.
3. எதற்காக வாங்குகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லவே கூடாது.
4. புதியது வந்த பிறகும் பழைய கை டிரில்லைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிரிக்காதீர். தொண்ணூறுகளின் நடுவில் நாம் அலைந்த அலைச்சலுக்கு இந்த நான்குதான் மிச்சம்.

அப்போது நீர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போலியோவில் கால் சூம்பிப்போனவர்களுக்கு ஊர் ஊராகப் போய், காலைத் தாங்கி நடக்கவைக்கும் காலிப்பர் மாட்டிக்கொண்டிருந்தீர். காலின் இரு பக்கமும் வரும் இரும்புப் பட்டையை ஆளுக்குத் தக்கபடி அளந்து துளை போடுவது உம் வேலை. அளவைக் குறித்துக்கொள்வது என் வேலை. சாத்தான்குளத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். அங்கே கரண்டு கிடையாது. கை டிரில்லைச் சுற்றிச் சுற்றி, பொழுது சாய்ந்தும் பாதிப் பேருக்கு முடியாமல் போனது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடந்து வந்த ஒரு பெண்ணையும் திருப்பி அனுப்பினோம். அடுத்த தடவை முதல் ஆள் நீதான் என்று அவளிடம் சொல்லியிருந்தீர்.

அதற்காகத்தான் பேட்டரி மெஷின் வாங்கக் கிளம்பினோம். பெரிய கடையில் பில் உண்டு, விலையும் உண்டு, பேட்டரி மட்டும் ஒன்றுதான். ஜங்ஷனில், கப்பலில் வந்த வெளிநாட்டுச் சாமான் விற்கிற அண்ணாச்சி கடையில் அதைவிடக் குறைந்த விலைக்கு இரண்டு பேட்டரி. நான் இரண்டையும் கழற்றி, முனைகளில் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கிருந்த தகட்டில் மாற்றி மாற்றித் துளை போட்டுப் பார்த்தேன். பிறகு, வேண்டாவெறுப்பான முகத்தோடு விலையை இறக்கலாம் என்றிருந்தேன்.

அதற்குள் நீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டீர். சனிக்கிழமை முகாம், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எங்கே இறங்க வேண்டும், அந்தப் பெண்ணிடம் கொடுத்த வாக்கு வரைக்கும். நான் மெதுவாக உம் காலை மிதித்தேன்.

"என்னவே, எதுக்குக் கால மிதிக்கீரு?" என்று நீர் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டீர். அண்ணாச்சி சிரித்துவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் கொஞ்சம்தான் குறைத்தார். மேசைக்கு அடியிலிருந்து சார்ஜரை உருவிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும், வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் இறக்கியிருக்கலாம் என்றேன்.

"அந்த மனுசனும் பொழைக்கணும்லா வே," என்று சொல்லிவிட்டு நடந்தீர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உம் வீட்டில் சார்ஜரைச் சொருகியதும் புகை வந்தது. பிடுங்கித் திருப்பிப் பார்த்தோம். நூறு வோல்ட் என்று போட்டிருந்தது. நம் வீட்டுக் கரண்டு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கடையில் நான் துளை போட்டுப் பார்த்துத் தீர்த்தது போக மிச்சமிருந்த சார்ஜ்தான் இனி. நான் போய்க் கை டிரில்லை எடுத்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் முகாமில் அந்தப் பெண்ணை முதலில் உட்காரவைத்தீர். ஒரு பக்கப் பட்டை முடிவதற்குள் முதல் பேட்டரி அடங்கிவிட்டது. இரண்டாவது முனகிற்று, நின்றது. நான் கை டிரில்லைச் சுற்ற ஆரம்பித்தேன். முனை வழுக்கிப் பட்டையில் கோடு கிழித்தது. நீர் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தீர். வரிசையின் கடைசியில் இருந்தவர்கள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தார்கள்.

"இந்தத் தடவையும் அடுத்த தடவைன்னு சொல்லிராதிய சார்," என்றாள் அவள்.

நான் சுற்றுவதை நிறுத்தவும் பயந்தேன், தொடரவும் பயந்தேன்.

மதிய பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது. கையில் துணிப்பையோடு வாசலில் ஒருவர் நின்றார். கடைக்கார அண்ணாச்சி.

"சார்வாள், ராத்திரி கடை அடைக்கையில பாக்கேன், கரண்டக் குறைக்கிற பெட்டி மேசைக்கு அடியிலயே கெடக்கு. அது இல்லாம சொருகினா புகஞ்சிருமே."

"புகஞ்சாச்சு அண்ணாச்சி," என்றீர்.

அவர் பையிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தார். விற்பதற்கு வைத்திருந்த இன்னொரு மெஷினிலிருந்து கழற்றி, விடிய விடிய சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தவை.

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் அவள் காலிப்பரை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். முழங்காலில் கை வைக்காமல் வேப்பமரம் வரை போய்த் திரும்பி வந்தாள். "பெல்ட்டு கடிக்கி சார்," என்றாள். நீர் குனிந்து ஒரு துளை தளர்த்திவிட்டீர். அன்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நீர் என்னைக் குத்திக்காட்டப் போகிறீர் என்று விறைத்து உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டீர்: "ஊரு பேரு சொல்லாம வந்திருந்தா, அந்த மனுசன் நம்மள எங்கன போய்த் தேடுவாரு வே?"

அது வெறும் அதிர்ஷ்டம் என்றேன். நீர் போன பிறகும் இத்தனை வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு தடவை நடந்ததைப் பொது விதியாக்கக் கூடாது என்பது நான் படித்த படிப்பு.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அடி பலமில்லை. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வைக்க வேண்டும், அதற்குத்தான் மெஷின். கையில் கனமாகப் பிடிக்க முடியாது என்பதையும், வீட்டில் நான் மட்டும்தான் என்பதையும் இன்று கடைப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், அவள் எதை எடுத்துக் காட்டியிருப்பாளோ, அல்லது மெஷினே வேண்டாம், ஆள் அனுப்புகிறேன் என்றிருப்பாளோ, எனக்குத் தெரியாது. சொல்லாமல் வந்துவிட்டதால் தெரியாது. ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று சொல்வதற்கு, விலை ஏறிவிடும் என்ற பயமா எனக்கு? அவள் கேட்டபோது விலையை நான் இன்னும் விசாரிக்கக்கூட இல்லையே.

நாளைக் காலையில் போய், உம்மைப் போலக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்ல எனக்கு வராது. மெதுவாகச் சொல்வேன்.

ஒன்று, இரண்டு, நான்கு அப்படியே நிற்கட்டும். மூன்றாவது தப்பு, வே.