குத்தாமல் வந்த தபால்தலை

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. தீபாவளிப் பார்சல் கூட்டம் ஓய்ந்தது, நல்லது. இன்று பதிவுத் தபால் 14, ஸ்பீடு போஸ்ட் 22, சாதா ஒரு கட்டு. குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது.

பை பிரிக்கும்போது வெளிநாட்டு உறை ஒன்று. பதிவுத் தபால். ஒட்டியிருந்த தபால்தலைமேல் சீல் இல்லை. அங்கே யாரோ குத்த மறந்திருக்கிறார்கள். அப்படி வந்தால் பட்டுவாடா செய்கிற ஆபீஸ்தான் குத்த வேண்டும். இல்லாவிட்டால் பிய்த்து இன்னொரு உறையில் ஒட்டுகிற ஆட்கள் உண்டு. போஸ்ட் மாஸ்டர் மேடம் உறையை என்னிடம் நீட்டி, குத்திவிடச் சொன்னார். வாங்கிய பிறகுதான் விலாசம் பார்த்தேன். என் பெயர். என் வீடு. கதிரின் கையெழுத்து.

என் ஒரே மகன். ஆணோடுதான் வாழ்வேன் என்று சொன்னவன். நாலு வருஷத்தில் இது நாலாவது கடிதம். முதல் மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். தபால்காரரும் நான், மறுத்தவரும் நான். இரண்டுக்கும் ஒரே பேனா.

இன்று கை அப்படிப் போகவில்லை. சீல் குத்துவதென்றால் தலையைப் பார்த்துத்தானே குத்த வேண்டும். பார்த்துவிட்டேன். என் தபால்தலை ஆல்பத்தில் எங்கும் இல்லாத முகம். சீல் கட்டையைக் கீழே வைத்தேன். பட்டுவாடா பதிகிற ஆபீஸ் போனில் ‘கதவு பூட்டு’ என்று போட்டேன். ஏழு நாள் ஆபீசில் இருக்கும். அடுத்த திங்களோடு கெடு. அன்றைக்கு வாங்க வேண்டும், அல்லது திருப்ப வேண்டும்.

முப்பத்து மூன்று வருஷ சர்வீசில் முதல் பொய் ரிமார்க். அதுவும் என் வீட்டுக்கே. வீடு பூட்டவில்லை. என் வீட்டுக்காரி முத்து வேலை பார்க்கிற குடோனுக்கு ஏலக்காய் லோடு வராததால் அவள் வீட்டில்தான் இருந்தாள், துணி காயவில்லை என்று மழையைத் திட்டிக்கொண்டு.

ஐப்பசி 10, செவ்வாய்

வலது முட்டி வலி. தைலம் வாங்க வேண்டும். குடை. கேஸ் புக் பண்ண வேண்டும். தேவாரத்திலிருந்து வந்த ஒருவர் கவுண்டரில் புலம்பல்: யானை வாழைத்தோட்டத்தில் புகுந்து, தின்றதைவிட மிதித்ததுதான் அதிகமாம்.

மேடம் டீ குடிக்கப் போன நேரம், பட்டுவாடா ஆகாததைப் போட்டு வைக்கும் டெபாசிட் தட்டிலிருந்து அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். மெலிந்த ஆள். தடிக் கண்ணாடி. டை கட்டியிருக்கிறார். கையில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு ஆளின் தோள், பாதி. பெயர் என் வாயில் நுழையவில்லை. பெயருக்குக் கீழே பொடியாக இங்கிலீஷ். அதில் முதல் வார்த்தை எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டு கதிர் சொன்ன வார்த்தை. நான் வசவாக மட்டுமே கேட்டிருந்த வார்த்தை. அதை ஓர் அரசாங்கம் அச்சடித்து, விலை போட்டு, ஓரத்தில் பல் வெட்டி விற்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆபீஸ் பார்க்க வரும்போதெல்லாம் நான்தான் சுற்றிக் காட்டுவேன். தபால்தலையில் சும்மா யாரையும் போடமாட்டார்கள், ஊருக்கு நல்லது செய்தவர்களைத்தான் போடுவார்கள் என்று சொல்வேன். கதிருக்கும் அதையேதான் சொன்னேன், அவனுக்கு அப்போது ஆறு வயது. பயல் அதை வைத்தே மடக்கியிருக்கிறான். கோபம் வந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது, அதை எழுதாமல் விடக் கூடாது.

ஐப்பசி 11, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது. முத்துவுக்கு மீண்டும் வேலை. சாயங்காலம் வந்ததும் கையெல்லாம் ஏலக்காய் வாசம்.

தபால்தலையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். நான் தபால் கொடுக்கிற பீட்டில் ஒரு காலேஜ் டீச்சரம்மா உண்டு, இங்கிலீஷ் வாத்தியார். புத்தகப் பார்சல் கொடுக்கப் போன இடத்தில், ஆல்பத்துக்கு ஒரு சந்தேகம் என்று சொல்லிக் காட்டினேன். அவர் தன் போனில் தேடி வாசித்து வாசித்துச் சொன்னார். அந்த ஆளும் பள்ளிக்கூட வாத்தியாராம். ஒரு ஆணோடு குடும்பமாக இருந்தார் என்று தெரிந்து வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஊரைவிட்டு ஓடிய காலத்தில் இவர் அட்டையைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆபீஸ் வாசலில் தினம் நின்றாராம். முதல் நாள் ஆறு பேர். அதில் ஒருவர் அவரோடு வாழ்ந்தவர். அந்தப் பாதித் தோள் அவருடையதாக இருக்கலாம்.

நீக்கின அரசாங்கமே தபால்தலையில் போட்டிருக்கிறதே என்று கேட்டேன்.

“மன்னிப்பும் கேட்டுருக்காங்கண்ணே. ஆனா அவரு செத்து ரொம்ப வருசம் கழிச்சு.”

டீச்சரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அந்த மோருக்கும், கேட்காமல் விட்டதற்கும் நன்றி.

‘பெறுநர் இறந்துவிட்டார்’ என்று எத்தனை கடிதங்களைத் திருப்பியிருக்கிறேன். எழுதின ஆள் ஒரு மாதம் முன்னால் எழுதியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும். வழியெல்லாம் அதே நினைப்பு. கவனம் தப்பி ராசிங்காபுரம் பஸ்சுக்கு முன்னால் சைக்கிளை விட இருந்தேன். டிரைவர் திட்டினார், நியாயம்தான்.

ஐப்பசி 12, வியாழன்

மலை பீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நான் போனேன். காலை ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர், நான், தபால் பை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முட்டி உயிரை எடுத்தது. மேலே மூடுபனி. பச்சை ஏலக்காய் உலர்த்தும் புகை வாசனை. ஒரு மலையாளத்துக் கங்காணி “சேட்டா, எனக்கொண்ணும் இல்லையா” என்று தினமும் கேட்பவராம். என்னிடமும் கேட்டார்.

ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் முத்துவோடு குடோனில் முன்பு வேலை செய்தவள். கதிர் எப்போது வருகிறான் என்று விசாரித்தாள். லீவு கிடைக்கவில்லை என்றேன். நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்கிற பதில்.

“என்ன கம்பெனி அப்பு அது, பெத்தவுகளப் பாக்க நாலு நாளு விடாத கம்பெனி? நாசமாப் போக.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. சாபம் கம்பெனிக்கு இல்லை, எனக்கு. போடிமெட்டில் இறங்கிச் சுக்குக்காப்பி குடித்தேன். கணவாயில் நின்று கீழே போடியைப் பார்த்தேன், பனியில் பாதி ஊர்தான் தெரிந்தது. அவனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஐப்பசி 13, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முத்து விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். கதிர் மதியம் குடோனுக்குப் போன் செய்திருக்கிறான். பதிவுத் தபால் எங்கே இருக்கிறது என்று இப்போது அனுப்பியவரே போனில் பார்க்கலாம் அல்லவா. அதில் திங்களிலிருந்து ‘கதவு பூட்டு’ என்றே காட்டியிருக்கிறது. பையன் பயந்துவிட்டான். அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள், மறைக்காமல் சொல்லுங்கள் என்று அழுதிருக்கிறான். முத்துவுக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. நோண்டி நோண்டிக் கேட்டதில் பழைய மூன்று கடிதங்களும் வெளியே வந்துவிட்டன.

அது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. முப்பத்து மூன்று வருஷ தபால்காரன், எனக்கே தோன்றவில்லை. நான் இங்கே ‘வாங்க மறுத்தார்’ என்று போட்டபோதெல்லாம் அவன் அங்கே உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறான். மூன்று தடவை.

“நீங்க சொல்லல, சரி. அவனும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலங்க. அப்பாவக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நாலு வருசமா வாய மூடிட்டு இருந்திருக்கான். வேணாம்னு நீங்க எழுதுனப்பக்கூட அவன் அழுகல. வீடு பூட்டிருக்குன்னதும் அழுகுறான்.”

இவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சோறு போட்டாள். சாப்பிட முடியவில்லை. நான் செய்தது தப்பு. இதை இங்காவது எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி 14, சனி

மழை. வேலை கம்மி. கேஸ் வந்தது. குடை தைத்தாயிற்று.

மேடம் டெபாசிட் தட்டைச் சரிபார்த்தார். என் விலாசம் எழுதிய உறை கையில் வந்ததும் கொஞ்சம் நின்றார். தெரியாமல் இருக்குமா, என் வீடு ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம். என்னைவிட இருபது வயது சின்னவர். நினைத்தால் பொய் ரிமார்க்குக்கு விளக்கம் கேட்கலாம். “திங்கக்கெழமையோட ஏழு நாள் முடியுதுண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு உறையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார், தலை இருக்கும் பக்கம் மேலே வருகிற மாதிரி. அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

இந்த வாரம் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள்:
மேடம்.
டீச்சரம்மா.
ஜீப்பில் சாபம் விட்டவள்.
அங்கே ஏதோ ஓர் ஆபீசில் சீல் குத்த மறந்த அந்த ஆள். பொறுப்பில்லாத ஆள்தான், நம் ஆபீசாக இருந்தால் நானே ஏசியிருப்பேன். ஆனால் அவர் ஒழுங்காகக் குத்தியிருந்தால் தலையை நான் பார்த்திருக்கவே மாட்டேன், இந்தக் கடிதமும் திரும்பிப் போயிருக்கும்.
அட்டை பிடித்து நின்ற வாத்தியார். இன்னும் பெயர் வாயில் நுழையவில்லை.

முத்துவைச் சேர்க்கவில்லை. அவளுக்கு நன்றி என்று எழுதினால் போதாது.

ஐப்பசி 15, ஞாயிறு

ஞாயிறு பதினோரு மணிக்கு நான் டீக்கடைக்குப் போவது வழக்கம். பன்னிரண்டரைக்குத் திரும்புவேன். அந்த நேரத்தில்தான் கதிர் அவளோடு பேசுவான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நாலு வருஷமாக இப்படித்தான் டீ குடிக்கிறேன்.

இன்று போகவில்லை. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். பதினொன்றேகாலுக்குப் போன். முத்து என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், வேண்டுமென்றேதான்.

“அப்பா டீக்கடைக்குப் போயிட்டாராம்மா?”

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. முத்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், என்ன அர்த்தத்தில் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. போய்விட்டார் என்று சொன்னாள். பிறகு அவன் என் முட்டிவலி பற்றிக் கேட்டான், தைலம் பற்றி, மழை பற்றி. அங்கே நடுராத்திரி, அப்போதுதான் சமையல் போல. பின்னாலிருந்து இன்னொரு பையனின் குரல், ஏதோ தீய்கிறது என்று இங்கிலீஷில். கதிர் சிரித்துக்கொண்டே அடுப்பை அணைக்க ஓடினான். வீட்டில் இருக்கிற பிள்ளையின் சிரிப்பு. அவன் அங்கே நன்றாக இருக்கிறான். அதற்காக அந்தக் குரலுக்கும் நன்றி, யாராக இருந்தாலும்.

முத்து ஒரு முறை போனை என் பக்கம் நீட்டினாள். வாங்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் பரமசிவன் கோயிலுக்குப் போனோம். படி ஏற முட்டி விடவில்லை, அடிவாரத்திலேயே கும்பிட்டோம்.

ஐப்பசி 16, திங்கள்

நல்ல வெயில். பதிவு 9, ஸ்பீடு 31.

முதல் வேலையாக அந்த உறையை எடுத்தேன். சீல் கட்டையைத் துடைத்து, மை புதிதாகப் போட்டு, வேறு காகிதத்தில் இரண்டு தரம் குத்திப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூறு தலை குத்துகிறவன், யார் முகத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்தது கிடையாது. இன்று பார்த்துக் குத்தினேன். கீழ் ஓரத்தில், போடிநாயக்கனூர் என்பது முழுசாகத் தெரிகிற மாதிரி. முகத்தில் மை படவில்லை. அந்தப் பாதித் தோளிலும் படவில்லை. மேடம் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

மற்ற டெலிவரியை வெரசாக முடித்துக்கொண்டு என் வீட்டுக்குப் போனேன். முத்து இன்று குடோனுக்கு லீவு சொல்லியிருக்கிறாள், எதற்கென்று சொல்லவில்லை. யூனிபார்மோடு வாசலில் நின்று ஆபீஸ் போனை எடுத்து, பெறுநர் இடத்தில் விரலால் கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். 11.52. ‘பட்டுவாடா ஆயிற்று.’

உறையைப் பிரிக்கவில்லை. தலை கிழியாமல் பிரிக்கக் கத்தி கேட்டேன். முத்து கத்தி எடுக்க உள்ளே போனாள்.

11.54க்குப் போன் அடித்தது. அவளுடைய போன் இல்லை, என்னுடையது. நாலு வருஷமாக அந்த எண்ணை நான் அழிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அங்கே அப்போது நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி.

“அப்பா, கையெழுத்து நீங்களா போட்டீங்க?”

“நான்தான். நீ தூங்கலையா?”

“ஏழு நாளாத் தூங்கலப்பா.”

உடனே படு, உடம்பு என்னத்துக்காகும் என்று ஏசினேன். சரிப்பா என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. முத்து கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனுக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.