தேங்காய் விழுந்ததைப் பார்க்காத விமர்சகன்

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சோறு தின்ற களைப்பில் டீவியைப் போட்டேன். அந்தப் படம்! கல்முனைத் தியேட்டரில் நீ நான்கு தடவை பார்த்தாயே, வீட்டுக்குள்ளும் குடை விரித்துத் திரிகிற கோமாளியின் படம், அதேதான். சனியன் என்று நிறுத்தக் கையெடுத்தேன். படம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதல் காட்சியிலேயே அவன் தலையில் ஒரு தேங்காய் விழுந்தது.

நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் அந்தத் தேங்காயைப் பார்க்கிறேன் மச்சான். எரிச்சலில் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இரண்டு பேரும் றோனியோ மெஷினில் பிரதி உருட்டி ஒரு சஞ்சிகை நடத்தினோம். பள்ளிக்கூட மாஸ்டரான நான் பொறுப்பாசிரியர். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்த நீ மற்ற எல்லாம். என் வாப்பா பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர். மரைக்காயரின் மகன் படம் பார்ப்பதை ஊர் பார்க்கக் கூடாது. அதனால் விளக்கணைத்துக் கொஞ்ச நேரம் போன பிறகே உள்ளே நுழைவேன், விளக்குப் போடுமுன் வெளியேறிவிடுவேன். நீயோ முதல் ஆளாகப் போய் கெலரியில் குந்தி, கச்சான் கடலைக் கோதைக் காலடியில் கொட்டிக்கொண்டு, தியேட்டர் அதிரச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் இருட்டில் உன் இடத்தைக் கண்டுபிடிப்பேன்.

இந்த லட்சணத்தில் நான் விமர்சகன். "கதாநாயகன் ஏன் குடை பிடிக்கிறான் என்பது இயக்குநருக்கே தெரியாது" என்று தொடங்கி இரண்டு பக்கம் கிழித்தேன். நீயும் ஒரு விமர்சனம் கொண்டுவந்தாய். "தேங்காய் விழுந்ததைப் பார்க்காதவன் இந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது" என்பது முதல் வரி. என்ன உளறல் இது என்று மிச்சத்தை வாசிக்காமலே, "பிரசுரத்துக்கு உகந்ததல்ல" என்று சிவப்பு மையில் எழுதி, கழித்த தாள்களின் கோவையில் போட்டேன்.

"சிரிக்க வெச்சானே மச்சான், அது காணாதா?" என்றாய்.

"காணாது" என்றேன்.

வாசகர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "மாஸ்டர் படத்த முழுசாப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "ஓம் ஓம், எனக்குப் பக்கத்திலதான் இரிந்தவர். மறுகா என்ன?"

அல்லாஹ்வே, அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்காகப் பொய் சொன்னாய். அதற்குப் பிறகு ஒரு வரிகூட நீ எழுதவில்லை. கேட்டால், "நீ எழுது, நான் ஸ்டென்சில் வெட்டுறன்" என்பாய். நீ மௌத்தாகிக் கண்மூடும்வரை அப்படித்தான். எனக்கு அது வசதியாகவும் போயிற்று. இதை எழுதவே கை கூசுகிறது.

இன்று கடைசிவரை இருந்தேன். முடிவில் அவன் குடையை மணப்பெண்ணிடம் கொடுக்கிறான். அடுத்த தேங்காய் மாமனார் தலையில் விழுகிறது. என்ன மடத்தனம்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "இஞ்சாருங்க, என்ன செய்யுது?"

பிறகு அலுமாரியைக் கிளறி, உன் விமர்சனத்தை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். கல்முனைக்குடித் தோணிக்காரர் ஒருவர், மகனைக் கடலுக்குக் கொடுத்த மனுஷன், உனக்கு முன்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை எழுதியிருக்கிறாய். அவரை எனக்கும் தெரியும். அந்த இருட்டில் நான் அவரைப் பார்க்கவேயில்லை.

சஞ்சிகை நின்று எவ்வளவோ காலம். உன் விமர்சனத் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. நான் அன்று எழுதிய சிவப்பு வரிக்குக் கீழே இன்று இன்னொரு வரி எழுதி, கையெழுத்தும் வைத்தேன்: "பொறுப்பாசிரியர் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை."