குத்துக்கல்லு மாதிரி

அக்கா, இதைப் படித்ததும் கிழித்துவிடு. அத்தானிடம்கூடக் காட்டாதே.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் புது மருந்து கொடுத்துச் சோதிக்கிறார்களே, அதைச் சாப்பிட்டதிலிருந்து அவளுக்குத் தலை சுற்றுகிறது. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அங்கே நர்ஸ் கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரிக்கிறாள். உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயம். "வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன்" என்று என்னை மிரட்டிக்கொண்டே எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள்.

இன்று நர்ஸிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டேன். "அட மக்கு, அளவைக் குறைச்சுப் பார்ப்பாங்க. மறைச்சாதான் ஆபத்து. நாளைக்கே அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வேன்? அவள் என்னோடு பேசவே மாட்டாள், அக்கா.

அம்மா கதவைத் தட்டுகிறாள். "தூங்கிட்டியா கண்ணு? தலை சுத்துது. கொஞ்சம் வந்து பிடிச்சுக்கோ" என்கிறாள். அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், அக்கா! நர்ஸ் சொன்னதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.