பொன்னில் என் கையெழுத்து

ஜூன் 3, செவ்வாய்

மருத்துவமனையின் புதுக் கட்டடத்து ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் இன்றும் தேறவில்லை. எடைக்கற்களை ஏற்றி, கயிறு அறுந்தால் என்ன ஆகுமோ அந்த நிலையை உண்டாக்கிப் பார்த்தோம். அடியில் இருக்கும் இரும்புப் பிடிகள் அந்த நொடியே பெட்டி ஓடும் தண்டவாளத்தைக் கவ்வ வேண்டும். கவ்வவில்லை. பெட்டி ஓர் ஆள் உயரத்துக்கு வழுக்கி இறங்கி, அப்புறம்தான் மனசு வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் நான் சொல்லச் சொல்ல டெக்னீஷியன் அண்ணன் எழுதிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான். என் கை முழுக்க கிரீஸ் இருக்கும், போன இடத்தில் பேனாவைத் தொடுவதே இல்லை. ஆபீசுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுத்தான் கையெழுத்து.

நிர்வாகி வந்தார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘சிரிச்ச மூஞ்சி’.

“கொஞ்சம்தானே மேடம் வழுக்குது? திறப்புக்குத் தேதி குறிச்சாச்சு.”

“ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கறவங்க எந்திரிச்சுக் குதிக்க முடியாது சார். பிடியை மாத்துங்க. பத்தொன்பதாம் தேதி திரும்ப வந்து பாக்கறேன்.”

அதற்கும் சிரித்தார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

பிறந்தநாள். நாற்பத்தாறு.

எழுந்து வந்தால் இவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார். ஃபோட்டோ ஸ்டுடியோவை இழுத்து மூடினதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இவர் என்னை முந்தி எழுந்ததே இல்லை. “கையை நீட்டு” என்றார். கனமே இல்லாத ஒரு மரப்பெட்டி. உள்ளே துணி, துணிக்குள் பேனா.

ஜப்பான் அரக்குப் பேனா! மரத்துப் பாலை வடித்து, ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி... படத்தில் பார்த்துப் பார்த்து எத்தனை வருஷமாக எச்சில் விழுங்கியிருக்கிறேன். நல்ல கறுப்பு. ஜன்னல் பக்கம் சாய்த்தால் அடியில் ஒரு சிவப்பு எழுந்து வருகிறது. மூடியில் பொன்தூளால் என் கையெழுத்து. கடைசிச் சுழிகூட அப்படியே இருக்கிறது.

அழுதுவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. இவரைக் கட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் ஈரம். “ரொம்ப நாள் முன்னாடியே சொல்லி வச்சது. உனக்குத்தான் பேனாப் பைத்தியமாச்சே” என்றார்.

சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. படம் எடுக்கிற மனுஷன். அழகான பொருள் எதிரில் இருந்தால் கண் தானாக அங்கே போகும். சரி, இன்றைக்கு வேண்டாம்.

ஜூன் 9, திங்கள்

இவரிடம் ஏது அவ்வளவு பணம்?

ஜூன் 11, புதன்

இவர் வெளியே போனதும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். கேமராக்கள் எல்லாம் இருக்கின்றன, லென்ஸ்களும் இருக்கின்றன. எதையும் விற்கவில்லை. என் வளையல்களையும் பார்த்தேன் (ச்சீ!), இருக்கின்றன.

தங்கச்சிக்கு போன் போட்டேன். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

“அக்கா, கடவுளே நேர்ல வந்தாலும் அடையாள அட்டை இருக்கான்னு கேப்பக்கா நீ. மாமா ஆசையா குடுத்திருக்காரு, வாங்கி வச்சுக்கோ.”

“அவருக்கு வருமானமே இல்லையேடி.”

“சேத்து வச்சிருப்பாரு.”

சேர்த்து வைக்கிற ஆளா இவர்? சட்டைப் பையில் இருப்பதை வழியில் பார்ப்பவனுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்துத் தீர்க்கிறவர்.

சாப்பிடும்போது கேட்டே விட்டேன். “எப்பங்க ஆர்டர் குடுத்தீங்க?” தட்டைத் தள்ளி வைத்தார். “ஒரு பொருள் குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கத் தெரியாதா உனக்கு? இதையும் இன்ஸ்பெக்ஷன் பண்ணணுமா?”

சுருக்கென்றது. ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லை. இந்த மாதிரிப் பேனா சொல்லி வைத்தால் கைக்கு வர எட்டு, ஒன்பது மாதம் ஆகும். அப்படிப் பார்த்தால் போன வருஷக் கடைசியில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது இவர் கடையை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பால்காரருக்கே பதில் சொல்லாத ஆள் ஜப்பானுக்கா கடிதம் போட்டார்?

ஜூன் 14, சனி

இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். பார்த்தாலே தெரியும், எழுத்து இழுத்து இழுத்து வருகிறது. இத்தனை நாள் மை போட மனசு வரவில்லை. இன்று போட்டேன்.

காகிதத்தைக் கீறுகிறது. ஒரு ஓரம் மட்டும் கொக்கி போட்டு இழுக்கிறது. இவ்வளவு பேர்பெற்ற பேனா ஏன் இப்படி எழுத வேண்டும்? கம்பிக் கயிற்றில் அறுந்த இழைகளைப் பார்க்க வைத்திருக்கும் லென்ஸை எடுத்து வந்து முள்ளைப் பார்த்தேன்.

முனை சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறது. பிசகி அப்படி ஆகவில்லை, தேர்ந்த கை வேண்டுமென்றே வெட்டி மெருகேற்றியிருக்கிறது. வலது கைக்கு. ஆளைக் கேட்டுத்தானே இதையெல்லாம் செய்கிறார்கள்? எந்தக் கை, எப்படிப் பிடிப்பார், அழுத்துவாரா என்று. யாரோ ‘வலது கை’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இடது கை.

கல்யாணமான புதிதில் இடது கைக் கத்தரிக்கோல் தேடி ஊரெல்லாம் அலைந்தவர் இவர். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும் என்று இடம் மாறி உட்காருகிறவர். இவருக்கு மறந்து போகுமா? நான் யார் என்பதே மறந்து போனாலும் இது மறக்காது.

அப்படியானால் இதைச் செய்யச் சொன்னது இவர் இல்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். இனி பழைய பால்பாயிண்ட்தான். என் கையெழுத்துத் தெரிந்த, ஆனால் நான் எழுதி ஒருபோதும் பார்க்காத ஆள். அப்படி யார் இருக்கிறார்கள்? நான் சான்றிதழ் கொடுத்த எல்லாரும்தான். ஒரு மணி நேரம் யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது.

போன வருஷம் மருத்துவமனையின் பழைய கட்டட லிஃப்ட்டைப் பார்க்கப் போனபோது சிரிச்ச மூஞ்சியின் சட்டைப் பையில் ஓர் அரக்குப் பேனா. நாக்கு சும்மா இருந்ததா? “என்ன சார் அது, கொஞ்சம் பாக்கலாமா?” கையுறையைக் கழற்றி, மூடியைக்கூடத் திறக்காமல் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

அப்போது புதுக் கட்டடத்தில் லிஃப்ட்டே மாட்டவில்லை. மாட்டாத லிஃப்ட்டுக்கு அப்போதே பேனா சொல்லியிருக்கிறார்! அது தேறாது என்று அன்றைக்கே தெரியுமா? மலிவுப் பிடியைத்தான் போடப் போகிறோம், இந்தம்மா மறுப்பாள், வாயை அடைக்க ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டாரா?

ஜூன் 15, ஞாயிறு

கேட்டேன்.

“நான் எந்தக் கையில எழுதுவேன்?”

“என்ன கேள்வி இது? இடது கை.”

“அப்ப ஏங்க இது வலது கைக்குச் செஞ்ச பேனா?”

பேனாப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

புதுக் கட்டடத்தைப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று போன மாதம் கூப்பிட்டார்களாம். ஒன்றரை வருஷத்தில் வந்த முதல் வேலை. என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று மறைத்தாராம். என் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் சிரிச்ச மூஞ்சி பெட்டியைக் கையில் கொடுத்து, “மேடம் எங்ககிட்ட வாங்க மாட்டாங்க, நீங்க குடுத்ததா இருக்கட்டும், உங்களுக்கும் கௌரவம்” என்றாராம்.

“உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா? எதுக்குக் குடுக்கறான்னு?”

“தோணுச்சு.”

“தோணியுமா?”

“போன வருஷம் உன் பிறந்தநாளுக்கு ஒண்ணும் வாங்கித் தரல. நீயும் கேக்கல. நீ கேக்காததுதான்...” அதற்கு மேல் வரவில்லை. “உன் முகத்துல அதைப் பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

எனக்கு வந்த கோபம்! லஞ்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது, பொய் சொன்னது, அதெல்லாம் அப்புறம். நான் அழுதேனே, அந்தச் சட்டையில் முகத்தை வைத்து! “அந்த அழுகையைத் திருப்பிக் குடுங்க” என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

ஜூன் 16, திங்கள்

சிரிச்ச மூஞ்சி போன் செய்தார். “பேனா எப்படி எழுதுது மேடம்?” அவரே தொடர்ந்தார். “சார் வந்து வாங்கிட்டுப் போனப்ப ஞாபகத்துக்கு ஒரு படம் எடுத்தோம். ரொம்ப நல்லா வந்திருக்கு. வியாழக்கிழமை பாக்கலாம்.”

ஆயுசு முழுக்க ஊரைப் படம் எடுத்தவரை அவர்கள் படம் எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

லஞ்ச ஒழிப்புப் பிரிவில் பேனாவைக் கொடுத்தால் வாங்கின கை இவருடையது என்று எழுதியாக வேண்டும். இவர் பெயர் போகும், வழக்குக்கூட வரலாம். கொடுக்காவிட்டால் வியாழக்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமையோடு விடுவார்களா? அடுத்த லிஃப்ட், அதற்கடுத்தது...

தங்கச்சி சொல்கிறாள், “தூக்கி ஆத்துல போட்டுட்டு வாயை மூடிட்டு இரு.” படத்தை எந்த ஆற்றில் போடுவது?

இன்னொன்றும் அரிக்கிறது. இவர் சொன்னது முழுசும் உண்மையா? படம் எடுக்கிற வேலை மட்டும்தானா? ராத்திரி இவர் கை என் மேல் பட்டது. தள்ளிப் படுத்தேன்.

ஜூன் 19, வியாழன்

பிடியை மாற்றவே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஏற்றினோம், விட்டோம், வழுக்கியது. போன தடவையைவிடக் கூடுதலாக.

ஆபீஸ் வரை காத்திருக்க மனசில்லை. குழாயில் கையைத் தேய்த்துக் கழுவினேன். அண்ணனிடமிருந்து படிவத்தை வாங்கி லிஃப்ட் கதவின் மேலேயே வைத்து, ‘அனுமதி மறுக்கப்படுகிறது’ என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சிரிச்ச மூஞ்சி என் கையையே பார்த்தார்.

“மேடம்... நீங்க இடது கையா?”

“ஆமா சார். விசாரிச்சிருக்கணும் நீங்க.”

முதல் தடவையாக அந்த ஆள் சிரிக்காமல் நின்றதைப் பார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

லீவு சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பினேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் கூப்பிடவில்லை.

“நீங்க எதுக்கு?”

“வாங்கினது நான்தானே.”

பஸ்ஸில் நான் இரண்டு டிக்கெட் வாங்கினேன். லஞ்ச ஒழிப்பு அதிகாரி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இவரே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வாங்கியதும் பொய் சொன்னதும் நானே, மனைவிக்குத் தெரியாது என்று. அந்தம்மா என்னைப் பார்த்து, “உபயோகிச்சீங்களா?” என்றார். “ஒரு நாள் எழுதினேன்.” “ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமைதான் வர்றீங்க. ஏன்?”

இவர் முகத்தைப் பார்த்தேன். “வீட்டுக்காரராச்சேங்க” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பேனாவை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். நன்றாக இருந்தது, பாவி. கடைசிவரை நன்றாகவே இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

விசாரணை முடியும்வரை எனக்கு மேஜை வேலை. வெளியே போகக் கூடாது. ‘கணவர் வழியாக வாங்கினாரா’ என்பதுதான் கேள்வியாம். ஆபீஸில் சிலர் நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றட்டும்.

மருத்துவமனைக்கு வேறு இன்ஸ்பெக்டர் போனார். கூடப் போன டெக்னீஷியன் அண்ணன் மத்தியானம் ஃபைல் கொடுக்கிற சாக்கில் வந்து சொன்னார்: “அவரும் கையெழுத்துப் போடலம்மா. இப்ப பிடியை மொத்தமா மாத்தறாங்க.” பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. என் மேல் குற்றம் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வெளிவேலை. இவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள், வழக்கில் சாட்சி. சிரிச்ச மூஞ்சி ஜாமீனில் இருக்கிறாராம்.

இவருக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட் படம் எடுக்கிற கடையில், மாதச் சம்பளம். சாயங்காலம் வரும்போது எனக்கு ஒரு குடை வாங்கி வந்தார். பழையதில் கம்பி துருத்திக்கொண்டிருக்கிறதாம். மேஜையில் குடையை வைத்து, பக்கத்தில் ரசீதையும் வைத்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். சோப்பு வாங்கினாலும் ரசீது, அரைக் கிலோ தக்காளிக்கும் துண்டுச் சீட்டு. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று தாங்கவில்லை. “இதையெல்லாம் வைக்காதீங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றேன்.

“பழகிடுச்சு” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் ரசீதை எடுத்தேன். கடை பேர், தேதி, பொருள். சரியாகத்தான் இருந்தது. முன்பு இருந்த மாதிரியே, அதே மடிப்பில் வைத்துவிட்டேன்.